துலக்குவதன் தர்மம்

பழையதைப் புதிதாக்குவது நல்ல காரியமா, கெட்ட காரியமா என்று கேட்டால், இதுவும் ஒரு கேள்வியா என்று சிரிப்பீர்கள். கிழிந்ததைத் தைப்பதும், ஒழுகுகிற கூரையை மாற்றுவதும், மங்கிப்போன குத்துவிளக்கைத் துலக்குவதும் எந்தக் காலத்தில் தப்பாக இருந்தன? வாஸ்தவந்தான். ஆனாலும் சுலபமாகத் தோன்றுகிற காரியங்களுக்குள்தான் சங்கடமான கேள்விகள் ஒண்டிக் குடியிருக்கின்றன. கோயிலைப் பற்றியும் சிற்பத்தைப் பற்றியும் பெரியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு, வருஷக்கணக்காகச் சண்டையும் போட்டிருக்கிறார்கள். எடுத்த எடுப்பில் அவ்வளவு உயரம் ஏற எனக்குத் தெம்பில்லை. ஒரு மோட்டார் சைக்கிளின் முன்காலிலிருந்து தொடங்குகிறேன்.

மோட்டார் சைக்கிளுக்குக் கால் ஏது என்று கேட்கலாம். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அதற்கு ஃபோர்க் என்று பெயர். ஒவ்வொரு பக்கமும் இரண்டு குழாய்கள். மேலே இருப்பது எஃகுக் குழாய். கீழே இருப்பது சற்றுப் பருமனான அலுமினியக் குழாய். எஃகுக் குழாய் அலுமினியக் குழாய்க்குள் இறங்கி ஏறும். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் கொஞ்சம் எண்ணெயும் இருக்கும். சாலையில் உள்ள பள்ளத்தை எல்லாம் நம் முதுகெலும்புக்குத் தெரியாமல் அந்த ஸ்பிரிங்கும் எண்ணெயும் சேர்ந்து வாங்கிக்கொள்கின்றன. கீழே இருக்கிற அந்த அலுமினியப் பகுதியைத்தான் கால் என்கிறேன்.

1983-ல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் ஜப்பானிய யமஹா வண்டி ஒன்றை எஸ்கார்ட்ஸ் கம்பெனி நம் நாட்டில் செய்து விற்றது. 1985-ல் அதைவிடச் சிறிய ஆர்.எக்ஸ். 100 வந்தது. 1996-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதுதான் தாமதம், அதற்கு மவுசு ஏறத் தொடங்கிவிட்டது. அந்த வண்டி பிறந்த பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று அதைத் தேடி அலைகிறார்கள். மாட்டுக்கொட்டிலில் கிடந்ததையும் மாடிப்படிக்குக் கீழே கோணி போர்த்திக் கிடந்ததையும் விலைக்கு வாங்குகிறார்கள். சென்னையில் புதுப்பேட்டைக் கடைகளில் ஒரு திருகாணிக்காக அரைநாள் நிற்கிறார்கள். என்ஜினைப் பிரித்துப் பூட்டியாயிற்று, டாங்கிக்கு வர்ணம் அடித்தாயிற்று என்றால், கடைசியில் கண் போய் நிற்கிற இடம் இந்த முன்கால்தான். எல்லாம் புதிதாக இருக்கையில் அது மட்டும் சாம்பல் பூத்து, வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து, மழையில் நனைந்த சுவர் மாதிரி இருக்கும். அதைத் துலக்க வேண்டும்.

துலக்குவதற்கு முன்னால், எதைத் துலக்குகிறோம் என்று பார்த்துவிடுவோம்.

அலுமினியத்தை நாம் ஏழை உலோகம் என்று நினைத்துப் பழகிவிட்டோம். கலியாணச் சீரில் வெள்ளிக்கும் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் இடம் உண்டு. அலுமினியக் குண்டான் கொல்லைப்புறமாகத்தான் வரும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது ராஜ உலோகம். 1855-ல் பாரிஸ் கண்காட்சியில் அதை அதிசயப் பொருளாக வைத்திருந்தார்கள். மூன்றாம் நெப்போலியன் தனக்கு மிகவும் வேண்டிய விருந்தாளிகளுக்கு மட்டும் அலுமினியக் கரண்டி கொடுத்து, மற்றவர்களுக்குத் தங்கக் கரண்டி கொடுத்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். 1884-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைக்க அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டே வருஷம் கழித்து, 1886-ல், அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமல், மின்சாரத்தைக் கொண்டு அதை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். செத்ததும் ஒரே வருஷத்தில். அவர்கள் புண்ணியத்தில் ராஜ உலோகம் தெருவுக்கு வந்தது. 1898-ல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைக்க, அது நம் அடுக்களைக்கும் வந்து சேர்ந்தது.

இந்த உலோகத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அதை வெட்டினாலும் தேய்த்தாலும், வெட்டின இடத்தில் காற்றுப் பட்ட அந்தக் கணமே ஒரு மெல்லிய தோல் மூடிக்கொள்கிறது. அந்தத் தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்குதான். ஆனால் உறுதியில் அதற்கு இணை சொல்வது கடினம். கெம்பும் நீலமும் ரசாயனப்படி இதே பொருள்தான். வேறு உலோகங்களின் சாயல் சிறிது கலந்ததால் ஒன்று சிவந்தது, ஒன்று நீலம் பூத்தது. இரும்பு துருப்பிடித்தால் துரு உதிர்ந்து உதிர்ந்து இரும்பையே தின்றுவிடும். அலுமினியத்தின் துருவோ அலுமினியத்தைக் காக்கிறது.

அப்படியானால் நிஜமான அலுமினியத்தை, போர்வை இல்லாத அலுமினியத்தை, நாம் யாராவது பார்த்திருக்கிறோமா? பார்த்ததே இல்லை. நம் கண்ணுக்குப் படுகிறபோதே அது போர்த்திக்கொண்டுதான் இருக்கிறது. மேல்பூச்சையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டால் அடியில் உண்மை பளிச்சென்று இருக்கும் என்று நம்புகிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். சில பொருள்களுக்குப் போர்வையே சுபாவம். சில மனிதர்களுக்கும் அப்படித்தான்.

அந்தத் தோலுக்கும் எமன் உண்டு. அது உப்பு. கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டிகளின் காலைப் பார்த்தால் தெரியும். உப்புக் காற்று தோலில் ஓர் ஊசிமுனை இடம் கண்டுபிடித்து உள்ளே நுழைந்து குழி பறிக்கும். குழியின் வாயில் வெள்ளைப் பொடி பூக்கும். ஆகவேதான் தொழிற்சாலையில் காலை மெருகேற்றி, மேலே நிறமில்லாத வார்னிஷ் ஒன்றையும் பூசி அனுப்பினார்கள். ஐந்தாறு வருஷம் அது நன்றாகவே காப்பாற்றும். பிறகு ஒரு சின்னக் கல் தெறித்து, வார்னிஷில் நகக்கண் அளவு பெயர்ந்துவிடும். அந்த வழியாக உள்ளே போன ஈரம் வெளியே வர வழி தெரியாமல் அடியிலேயே ஊர்ந்துகொண்டு போகும். புழு ஊர்ந்த தடம் போல வளைந்து வளைந்து வெள்ளைக் கோடுகள் விழும். வார்னிஷும் மஞ்சளாகிப் போகும்.

இனித் துலக்கும் முறை. சக்கரத்தைக் கழற்றி, எண்ணெயை வடித்து, காலைத் தனியே உருவிக்கொள்கிறார்கள். பெயின்ட் எடுக்கிற மருந்து போட்டு வார்னிஷைத் தோல் உரிப்பது போல உரிக்கிறார்கள். பிறகு உப்புத்தாள். குழி ஆழமாக இருந்தால் 240-ல் தொடங்கி, 400, 600, 800, 1000 என்று தண்ணீர் தொட்டுக்கொண்டு படிப்படியாக ஏறுகிறார்கள். ஒரு தாளில் மேலும் கீழுமாகத் தேய்த்தால் அடுத்த தாளில் குறுக்கே தேய்க்க வேண்டும். அப்போதுதான் முந்தைய கீறல் முழுவதும் போயிற்றா என்று தெரியும். அப்புறம் சுழல்கிற துணிச் சக்கரத்தில் மெழுகுக்கட்டியைத் தடவி அதில் காலைப் பிடிக்கிறார்கள். இதைப் பஃபிங் என்பார்கள். கடைசியில் கையால் துணிகொண்டு ஒரு தேய்ப்பு. முகம் தெரியும்.

நான் இதைப் பல தடவை நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு வியப்பாக இருக்கும் விஷயம் ஒன்று. இத்தனை நேரம் அந்த மனிதர் செய்த வேலை என்ன? கீறியதுதான்! முதலில் பெரிய கீறல்களால் குழியை அழித்தார். பிறகு சிறிய கீறல்களால் பெரிய கீறல்களை அழித்தார். பிறகு இன்னும் சிறியவற்றால் அவற்றை. கீறல் ஒருபோதும் ஒழியவில்லை. ஒளி அலையின் அளவைவிடச் சிறியதாகப் போய்விட்டது. ஆகவே நம் கண் அதை மன்னித்துவிட்டது. பளபளப்பு என்று நாம் சொல்வது இந்த மன்னிப்பைத்தான். இடையில் அவசரப்பட்டு 240-லிருந்து 1000-க்குத் தாவினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "தாவலாம் சார். ஆனா பஃப் போட்ட பிறகு பழைய கோடெல்லாம் இன்னும் பளிச்சுனு தெரியும்" என்றார். அவர் அலுமினியத்தைப் பற்றித்தான் சொன்னார். ஆத்திரத்தில் பேசிவிட்டு மறுநாளே சிரித்துக்கொண்டு வந்து நிற்கிற உறவுக்காரர்கள் சிலர் எனக்கு ஞாபகம் வந்தார்கள். நடுவில் உள்ள படிகளை விட்டுவிட்டுச் செய்யும் சமாதானமும் இப்படித்தான், சண்டையை இன்னும் பளிச்சென்று காட்டும்.

இன்னொரு வேடிக்கை. துணிச் சக்கரத்தில் தடவுகிற மெழுகுக்கட்டிகள் பலவற்றில் இருக்கிற பொடி வேறொன்றுமில்லை. சற்று முன் சொன்ன அந்த அலுமினியத் தோல்தான், பொடியாக்கிச் சேர்த்தது. தன்னுடைய துருவைக் கொண்டே அது துலக்கப்படுகிறது. துலக்கத் துலக்க உலோகம் வெளுக்கிறது. துலக்குகிறவர் கையும் துணியும் கன்னங்கரேலென்று ஆகின்றன.

இப்போது தர்ம விசாரத்துக்கு வரலாம்.

ஃபோர்க்கில் இரண்டு பளபளப்புகள் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே இருக்கிற எஃகுக் குழாய்க்குக் குரோமியப் பூச்சு உண்டு. அதுவும் மின்னும். ஆனால் அந்த மினுமினுப்பு வேலைக்காக ஏற்பட்டது. குழாய் ரப்பர் சீலுக்குள் ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்க வேண்டும். அதன்மேல் ஊசிமுனை அளவு ஒரு பொத்தல் விழுந்தாலும் சீல் கிழிந்து எண்ணெய் கசியும். கீழே இருக்கிற காலின் பளபளப்புக்கு அப்படி ஒரு வேலையும் இல்லை. அது சாம்பல் பூத்திருந்தாலும் வண்டி அதேபடிதான் ஓடும். அது கண்ணுக்காக மட்டும்.

கண்ணுக்காக மட்டும் என்றதும் அதைக் கேவலமாக நினைக்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல. வாசலில் போடுகிற கோலம் யாருடைய பசியைத் தீர்க்கிறது? ஆனால் கண்ணுக்காகச் செய்கிற காரியத்தில் ஒரு கேள்வி கூடவே வருகிறது. யாருடைய கண்ணுக்காக? தன் கண்ணுக்காகத் துலக்குகிறவனுக்கு அந்த வண்டியின் வயது தெரியும். விற்பதற்காகத் துலக்குகிறவனுக்கோ, வாங்குகிறவனுக்கு அது தெரியாமல் இருப்பதே லாபம். கால் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, உள்ளேயும் இப்படித்தான் வைத்திருப்பார் என்று வாங்குகிறவன் நினைத்துக்கொள்வான். அப்படி அவன் நினைக்க வேண்டும் என்றுதானே துலக்கியது! ஓடின தூரத்தைக் காட்டுகிற மீட்டரைத் திருப்பி வைக்கிறவனுக்கும் இவனுக்கும் உள்ள வித்தியாசம், அவன் எண்ணால் பொய் சொல்கிறான், இவன் ஒளியால் பொய் சொல்கிறான் என்பதுதான். இரண்டு பேரும் தேய்த்தது ஒரே மாதிரி உப்புத்தாளால், ஒரே மாதிரி உழைப்பால். ஒருவனுடைய வேலை அன்பு, இன்னொருவனுடையது மோசடி. உலோகத்தைப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எந்தப் பூதக்கண்ணாடியும் கிடையாது.

இவ்வளவும் சுலபமான பகுதி. யாரும் யாரையும் ஏமாற்றாத இடத்தில்தான் கேள்வி கடினமாகிறது.

எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்றில் ஒரு பையன் அப்பாவின் ஆர்.எக்ஸ். 100-ஐக் கொண்டுவந்து விட்டான். அப்பா காலமாகி இரண்டு வருஷம். இடது காலின் கீழ்ப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு இருந்தது. சாலையோரக் கல்லில் இடித்த வடு. மெக்கானிக் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை என்ன பண்றது தம்பி?" என்று கேட்டார்.

"அது அப்படியே இருக்கட்டும் அண்ணே. அப்பா ஓட்டின அடையாளம்" என்றான் பையன்.

மறுநாள் அவன் அம்மா வந்தாள். எவ்வளவு செலவாகும் என்று கேட்க வந்தவள், கழற்றி வைத்திருந்த காலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டாளாம். "தம்பி, அந்த வெட்டை முதல்ல எடுத்துடுங்க. அன்னிக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தது நான். மெதுவாப் போங்கன்னு சொன்னதைக் கேக்காம விட்டார். அந்த அடையாளம் என் முழங்காலிலே இருக்கு. வண்டியிலே வேற எதுக்கு?" என்றாளாம்.

இந்த இரண்டு பேரில் யார் சொன்னது நியாயம்? பையனுக்கு அது அப்பாவின் கையெழுத்து. அம்மாவுக்கு அது அப்பாவின் பிடிவாதம். இரண்டு பேரும் அந்த மனிதரை நேசித்தவர்கள்தாம். பழைய பொருளின் தழும்பைப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்கிறபோது, தழும்பு யாருடைய உடம்பில் விழுந்தது என்று நாம் கேட்பதில்லை. வலி படாதவனுக்கு வடு அழகாகத்தான் தெரியும். அதே சமயம், வலி பட்டவள் விரும்புகிறாள் என்பதற்காக நடந்ததை நடக்காதது ஆக்க முடியுமா என்றும் கேட்கத் தோன்றுகிறது. அம்மா அதைக் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நடந்ததை மறைக்க அவள் வரவில்லை. அதற்குச் சாட்சியாகத் தன் முழங்காலே போதும் என்றாள். தினம் வாசலில் நின்று தன்னைப் பார்க்கிற இன்னொரு சாட்சி வேண்டாம் என்றாள்.

மெக்கானிக் தர்மசாஸ்திரம் படித்தவர் அல்லர். அவர் உலோகத்தைக் கேட்டார். வெட்டு முழுவதும் மறைய வேண்டுமானால் அந்த ஆழத்துக்குச் சுற்றிலும் தேய்த்து இறக்க வேண்டும். சுமை தாங்குகிற கால் அந்த இடத்தில் மெலிந்து போகும். "அவ்வளவு தேய்க்கக் கூடாதும்மா. நாளைக்குப் பிள்ளை ஓட்டணும்" என்று சொல்லிவிட்டார். வெட்டின் கூரான விளிம்புகளை மட்டும் மழுக்கி, தண்ணீர் தங்காதபடி உட்புறத்தை வழவழப்பாக்கிக் கொடுத்தார். பையனுக்கும் முழுத் திருப்தி இல்லை, அம்மாவுக்கும் இல்லை. எனக்கு என்னவோ அது நல்ல தீர்ப்பாகத்தான் பட்டது. நினைவுக்கும் மறதிக்கும் நடந்த வழக்கில், இனிமேல் அந்த வண்டியில் ஏறப்போகிற உயிரின் பக்கம் அவர் நின்றார்.

தேய்ப்பதற்கு எல்லை உண்டு என்பது இங்கே தெரிகிறது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் கொஞ்சம் உலோகம் போகிறது. வார்ப்பில் விழுந்த எழுத்தும் எண்ணும் மழுங்கும். கூர்மையாக இருந்த ஓரங்கள் சோப்புக்கட்டி போல உருண்டுபோகும். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில்கூட இவ்வளவு மின்னியதில்லை என்று சொல்லும்படி சிலர் தேய்க்கிறார்கள். அப்போது அவர்கள் திருப்பிக்கொண்டு வந்தது எதை? ஒருநாளும் இல்லாத ஒன்றை அல்லவா?

ஐரோப்பாவில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இதே சண்டை கட்டடங்களைப் பற்றி நடந்தது. பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயத்தைப் புதுப்பித்த வியோலே-லெ-டியூக் என்பவர், புதுப்பிப்பது என்றால் எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்கு அந்தக் கட்டடத்தைக் கொண்டுபோவது என்றே துணிந்து எழுதினார். இங்கிலாந்தில் ரஸ்கின் அதற்கு நேர் எதிர். 1849-ல் எழுதிய நூலில், புதுப்பித்தல் என்பதே பொய், அது கட்டடத்துக்கு நேரக்கூடிய மிக மோசமான அழிவு என்று சாதித்தார். அவர் வழி வந்த வில்லியம் மாரிஸ் 1877-ல் பழங்கட்டடங்களைக் காக்க ஒரு சங்கமே வைத்தார். காப்பாற்று, ஆனால் புதிதாக்காதே என்பது அவர்கள் கட்சி.

நம் ஊர் வழக்கம் இந்த இரண்டுக்கும் அடங்காது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்ய வேண்டும் என்பது நம் மரபு. ஜீர்ணோத்தாரணம் என்றே அதற்கு ஒரு சாஸ்திரம் இருக்கிறது. கோயில் நமக்குக் காட்சிப்பொருள் அல்ல. அங்கே ஒருவர் குடியிருக்கிறார். குடியிருக்கிற வீட்டை இடிபாடாக வைத்து அழகு பார்க்க மாட்டோம். ரஸ்கினுக்கு இது புரிந்திருக்குமோ என்னவோ! ஆனால் அதே பக்தியின் பெயரால் கல் சுவர்களின்மேல் மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்கிற வழக்கமும் நம்மிடம் வந்தது. ஆயிரம் வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு போயிற்று. கூடவே, எந்த ராஜா எந்த விளக்குக்கு எத்தனை ஆடு விட்டான் என்று சொல்லும் கல்வெட்டு எழுத்தின் கூர்மையும் தேய்ந்தது. வரலாறு தெரிந்தவர்கள் கூக்குரல் போட்டார்கள். சுவர் பளிச்சென்று ஆகி, பேச்சை மறந்துவிட்டது.

காலமானவர்களைப் பற்றி நாம் பேசுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். இரங்கற் கூட்டத்தில் இறந்தவரைத் துலக்குகிறோம். ஒருவர் 400-ல் தேய்க்கிறார், அடுத்தவர் 600-ல். கூட்டம் முடியும்போது மேடையில் இருக்கிற படத்துக்கும் வாழ்ந்த மனிதருக்கும் சம்பந்தமே இருக்காது. ஓரங்கள் எல்லாம் உருண்டு எந்த உத்தமருக்கும் பொருந்துகிற உருவமாக ஆகியிருப்பார். கதை எழுதுகிற எங்களுக்கும் இந்த அபாயம் உண்டு. ஒரு மனிதனின் கோணலைச் சற்று அதிகமாகத் தேய்த்துவிட்டால் வாசகருக்கு அவனைப் பிடித்துவிடும், ஆனால் அடையாளம் தெரியாது. வார்ப்பின் எழுத்து மழுங்காத மட்டும் தேய்ப்பது என்பது ஒரு நல்ல எல்லைக்கோடு என்று தோன்றுகிறது.

இன்னொரு கேள்வியும் பாக்கி இருக்கிறது. வண்டிக்காரரும் வாங்குகிறவரும் கேட்காத கேள்வி. பளபளப்புக்கு விலை கொடுப்பது யார்?

2014 ஆகஸ்ட் 2-ந் தேதி, சீனாவில் ஷாங்காய்க்குப் பக்கத்தில் குன்ஷான் என்ற ஊரில், கார்ச் சக்கரங்களை மெருகேற்றும் ஒரு தொழிற்சாலை காலை நேரத்தில் வெடித்துச் சிதறியது. அங்கே வெடிமருந்து எதுவும் இல்லை. மெருகேற்றும்போது பறக்கிற அலுமினியத் தூசிதான் வெடித்தது. கட்டியாக இருக்கையில் அவ்வளவு சாதுவான உலோகம், தூசியாகிக் காற்றில் கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். தூசியை இழுத்து வெளியேற்றும் குழாய்களை ஒழுங்காகச் சுத்தம் செய்யவில்லை. அன்றும், பிறகு மருத்துவமனையில் நாள்கணக்காகத் துடித்தும், 146 பேர் மாண்டார்கள். அவர்கள் செய்த வேலை சக்கரங்களைப் பளபளப்பாக்குவது. சாம்பல் நிறத்தில் இருந்தாலும் அந்தச் சக்கரங்கள் உருண்டிருக்கும்.

இதைச் சொல்வது பளபளப்பே பாவம் என்று ஸ்தாபிக்க அல்ல. அந்த 146 பேரைக் கொன்றது பளபளப்பின் மேல் நமக்குள்ள ஆசை மட்டும் அன்று. தூசியைப் பெருக்கி எடுப்பதற்கு ஆகும் செலவை யாரோ மிச்சம் பிடித்தார்களே, அதுவுந்தான். நம் ஊர்ப் பட்டறைகளில் மூக்கில் ஒரு கிழிந்த துணியைக் கட்டிக்கொண்டு துணிச் சக்கரத்தின் முன் நிற்கிறவரைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவருக்கு ஒரு நல்ல முகமூடியும் தூசி போக ஒரு வழியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை விடுகிறவருடைய காலில் தெரிகிற ஒளி கொஞ்சம் சுத்தமான ஒளி என்பேன். வீட்டிலேயே தன் கையால் தேய்க்கிறவர் இன்னும் பாக்கியசாலி. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. நான்கு மணி நேரம் தேய்த்தால் உழைப்பின் விலையும் தெரியும்.

துலக்கியாயிற்று. கடைசியாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. மேலே மறுபடியும் வார்னிஷ் பூசுவதா, அப்படியே விடுவதா? இதில் பட்டறைக்காரர்களே இரண்டு கட்சி. பூசினால் சில வருஷங்களுக்குக் கவலை இல்லை. ஆனால் என்றைக்காவது ஒரு கல் தெறிக்கும், அடியில் புழு ஊரும், அன்றைக்கு எல்லாவற்றையும் உரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். பூசாமல் விட்டால் பத்து நாளில் மங்கத் தொடங்கும். ஆனால் ஒரு துணியும் கால்மணி நேரமும் இருந்தால் மறுபடி மின்னும். முதல் வழி, ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடலாம் என்கிறவர்களுக்கு. இரண்டாவது வழி, மறக்க விரும்பாதவர்களுக்கு. முதலாவதைக் குறை சொல்ல மாட்டேன். கடல் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு, காலை எட்டு மணிக்கு வேலைக்கு ஓடுகிறவருக்கு வார்னிஷே தெய்வம். இருந்தாலும் என் மனம் இரண்டாவதன் பக்கந்தான் சாய்கிறது.

ஏன் என்றால், நம் வீடுகளில் ஒவ்வொரு வாரமும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் துலக்குகிறார்களே, அந்த ஒளியை யாரும் பொய் என்று சொன்னதில்லை. அந்த விளக்குப் பாட்டி காலத்தது என்பதை எவரும் மறைக்கவில்லை. புதிது என்று யாரிடமும் விற்கப் போவதும் இல்லை. முகத்தில் உள்ள நசுங்கலும் அடியில் வெட்டின பெயரும் துலக்கின பிறகு இன்னும் நன்றாகவே தெரிகின்றன. அந்தப் பளபளப்பு விளக்கின் இளமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்த வாரம் இந்த வீட்டில் ஒருவர் இதைக் கையில் எடுத்தார் என்று மட்டுமே சொல்கிறது. அடுத்த வாரம் மறுபடியும் மங்கும், மறுபடியும் எடுப்பார்.

பழைய வண்டியின் காலைத் துலக்குகிறவரிடமும் நான் கேட்பது அவ்வளவுதான். விற்பதற்காகத் துலக்கினால் வயதைச் சொல்லிவிடுங்கள். எழுத்து மழுங்குவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். வடு யாருடையது என்று கேட்டுவிட்டு அதில் கை வையுங்கள். தூசி யார் நெஞ்சில் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். இத்தனையும் செய்த பிறகும் கால் மங்கத்தான் போகிறது. மங்குகிற பொருளுக்குத்தான் துலக்குகிற கை வேண்டியிருக்கிறது. துணியை வண்டிப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.